அணுக்க எண்

இந்த முறை வந்தவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முழங்கால் வலியாம். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நடத்துகிற சசிரேகா போனில் அதைச் சொன்னபோது சம்யுக்தாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முந்தின நாள் நேர்முகம் முடிந்ததும் அந்த அம்மாள் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஆறாவது மாடியிலிருந்து படியிலேயே விறுவிறுவென்று இறங்கிப் போனதை அவள் வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

இதற்கு முன் வந்தவர்களும் இப்படித்தான். ஒருத்திக்குத் தாராபுரத்தில் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். ஒருத்தியின் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இன்னொருத்திக்குச் சரவணம்பட்டிக்கு நேர் பஸ் இல்லை. டிரைவர் இல்லாத பஸ்கள் கோவையில் சந்துக்குச் சந்து ஓடத் தொடங்கி வருஷக்கணக்காகிவிட்ட பிறகு சொல்லப்பட்ட காரணம் அது. எல்லாரும் வந்தார்கள், காபி குடித்தார்கள், குழந்தையை வாங்கிக் கொஞ்சினார்கள், சம்பளத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார்கள். மறுநாள் சசிரேகாவிடமிருந்து போன் வரும்.

"எங்க வீட்டுல என்ன குறைன்னு ஒருத்தராவது நேரா சொல்லலாமில்ல?" என்று கேட்டாள் சம்யுக்தா.

 சசிரேகா, அந்தக் கடிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், கடிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சம்யுக்தா சொல்லிவிட்டாள்.

அவள் பிடிவாதக்காரி இல்லை. பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவுக்குத் தலைமை. கீழே வேலை செய்கிறவர்கள் லீவு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுப்பாள் என்று பெயர். ஆனால் மகள் நிலானி விஷயத்தில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு எண்ணும் இருந்தது.

நிலானி குறை மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் படுத்திருந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் அவள் காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு வில்லையை ஒட்டியிருந்தார்கள். குழந்தையின் நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை எல்லாவற்றையும் அது படிக்கும். யாராவது பக்கத்தில் வந்தால் அந்தச் சின்ன உடம்பு எவ்வளவு தளர்கிறது, எவ்வளவு அமைதியாகிறது என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். அணுக்க எண் என்று பெயர். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு மகளின் பாதத்தை முதல்முறை தொட்டபோது திரையில் அந்த எண் மெல்ல மெல்ல ஏறியதைச் சம்யுக்தா பார்த்தாள். நர்சுகள் நடமாடுகிற இடத்தில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதாள். நீ என் அம்மா என்று அந்தக் குழந்தையால் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

பிறகு அதே வில்லையை வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு கம்பெனி விற்கத் தொடங்கியது. போனைத் திறந்தால் குழந்தையின் பக்கத்தில் வந்து பழகுகிற ஒவ்வொருவர் முகமும் ஒரு வட்டத்துக்குள் தெரியும், கீழே எண் ஓடும். நிலானி நடக்கத் தொடங்குவதற்குள் அந்த அடுக்குமாடியில் வில்லை ஒட்டாத குழந்தையே இல்லை என்று ஆகிவிட்டது.

சம்யுக்தா வேலைக்குத் திரும்பியபோது குழந்தையைப் பார்க்கப் பூங்கொடி வந்தாள். ஓயாமல் பேசுகிறவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இப்ப வெங்காயம் உரிக்கிறோம், கண்ணு எரியுதா சாமி, அந்தப் பக்கம் திரும்பிக்கோ என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்லிக்கொண்டே செய்வாள். நிலானி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் சம்யுக்தா போனைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே பூங்கொடியின் முகம் இருந்தது. அதற்குக் கீழேதான் அவளுடையது. போனை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். மாறவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை பூங்கொடியின் இடுப்பில் இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துவிட்டுப் பூங்கொடியின் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது.

அந்த வாரமே பூங்கொடியை அனுப்பிவிட்டாள். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. வேறு ஆள் கிடைக்கிறவரை சம்யுக்தா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்த்தாள். நிலானி தவழ்ந்து தவழ்ந்து சமையலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் அதை நிறுத்திவிட்டாள்.

கணவன் பிரணவின் எண் எப்போதும் எல்லாருக்கும் கீழேதான். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் அம்மாவோ, ஆபீஸில் யாருமோ, அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. அப்பாவுக்கு அவ்வளவுதான் வரும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கம்பெனி அடுத்ததாகக் கொண்டுவந்ததுதான் கடிகாரம். அம்மாவின் இடம் அம்மாவுக்கே என்று விளம்பரம் செய்தார்கள். குழந்தையைப் பார்க்க வருகிறவள் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுடைய எண் எதுவரை போகலாம் என்று அம்மா ஒரு எல்லை வைக்கலாம். அதை நெருங்கினால் கடிகாரம் அதிரும். அதிர்ந்தால் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, எண் இறங்குகிறவரை தள்ளி நிற்க வேண்டும். சம்யுக்தா அதை ஒளிவுமறைவில்லாமல் நேர்முகத்திலேயே காட்டிவிடுவாள். எல்லையைச் சோதனைக்காகக் கீழே இறக்கிவைத்து, கையில் கட்டி, குழந்தையை மடியில் கொடுத்து, எப்படி அதிர்கிறது, அதிர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டச் சொல்வாள். அதுதான் நேர்மை என்று நினைத்தாள்.

வந்தவர்களில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது ஜெசிந்தா என்கிற அம்மாள்தான். ஐம்பது வயதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடி போட்டவள், குழந்தையைக் கையில் வாங்கும்போதே அதன் முதுகைத் தாங்கிய விதம் அழகாக இருந்தது. அவளும் மறுநாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முழங்கால்காரிக்குப் பிறகு சம்யுக்தாவால் பொறுக்க முடியவில்லை. ஜெசிந்தா இப்போது எங்கே இருக்கிறாள் என்று சசிரேகாவை நச்சரித்துக் கேட்டு வாங்கினாள். சோமனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் சேர்ந்திருந்தாள்.

சம்யுக்தா போனபோது மதியம். பாய்களில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஜெசிந்தா வராந்தாவில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். வந்த காரணத்தைக் கேட்டபின் மறுபடி உட்கார்ந்து துணியை மடிக்கத் தொடங்கினாள்.

சம்பளம் போதவில்லையென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்றாள் சம்யுக்தா. இங்கே அதில் பாதிகூட வராது என்றாள் ஜெசிந்தா.

"அப்புறம் ஏன்?"

"அன்னைக்குப் பாப்பாவை என் மடியில வெச்சீங்க மேடம். அது என் கண்ணாடியைப் புடிச்சு இழுத்துட்டுச் சிரிச்சுது. உடனே கடிகாரம் அதிர்ந்துச்சு. இறக்கி விட்டுட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கன்னீங்க. போய் நின்னேன்."

"கொஞ்ச நேரந்தானே?"

"கொஞ்ச நேரந்தான். அப்ப நீங்க போனைப் பாத்துட்டு இருந்தீங்க. நான் பாப்பாவைப் பாத்துட்டு இருந்தேன். அது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. இந்தக் கை என்ன தப்புப் பண்ணுச்சுன்னு தேடற மாதிரி."

சம்யுக்தாவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கு உடனே கோபமாக மாறியது. நீங்கள் ஊரார் பிள்ளைகளைப் பார்க்கப் போனபோது உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று தெரிந்தது.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை. மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஹாஸ்டல்ல சிஸ்டருங்க பாத்துக்கிட்டாங்க. இப்ப அவனுக்கே கல்யாணம் ஆயிருச்சு. என்னைப் பத்தி யாருகிட்டயாவது பேசுனா 'அவங்க'ன்னுதான் சொல்லுவான். அம்மான்னு வாயில வராது. அவன் காதுக்குப் பின்னால அந்த வில்லையை ஒட்டுனா எனக்கு ஒண்ணுமே காட்டாது. அதனால உங்க பயம் எனக்குப் புரியாம இல்ல அம்மிணி. நீங்க பயப்படறதுக்காக நான் வேண்டாம்னு சொல்லல. அது ஆசையா வர்றப்பல்லாம் தள்ளி வைக்கறதுக்கு ஒரு ஆள் வேணுங்கறீங்க. அந்த வேலைக்கு நான் வரல."

மற்றவர்களும் இதைத்தான் நினைத்தார்களா என்று கேட்டாள் சம்யுக்தா. மற்றவர்களைப் பற்றித் தனக்குத் தெரியாது, ஆனால் ஏஜென்சியில் மறுபடி வேலை கேட்டு நிற்க வேண்டியவர்கள் இதையெல்லாம் வெளியே சொல்லமாட்டார்கள் என்றாள் ஜெசிந்தா. உள்ளே ஒரு குழந்தை எழுந்து சிணுங்கியது. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். போனவள் அந்தக் குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்தாள், வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிரணவிடம் சொன்னாள். கடிகாரத்தைத் தூக்கிப் போடு, ஜெசிந்தாவையே கூப்பிடலாம் என்றான் அவன். பிள்ளைக்கு அம்மா யார் என்று தெரியாமலா போகும் என்றும் சொன்னான்.

"உன் எண் எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் சம்யுக்தா. அவனுக்குத் தெரியவில்லை. "தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல. அதான் உனக்குத் தூக்கம் வருது" என்றாள் அவள்.

ஆனாலும் அவள் யோசிக்கத்தான் செய்தாள். கடிகாரத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஜெசிந்தாவைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். அப்படியே இரண்டு மூன்று நாட்கள் போயின. அந்த நேரத்தில்தான் சசிரேகா கூப்பிட்டாள். ஒருத்தி சம்மதித்துவிட்டாள், கடிகாரத்தோடு என்றாள்.

பெயர் சுலோச்சனா. நாற்பதைத் தாண்டியவள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திச் சேலை, இழுத்துக் கட்டிய கொண்டை. சொன்ன நேரத்துக்கு வந்தாள். காபி வேண்டாம் என்றாள். கடிகாரத்தைக் கொடுத்ததும் பழகிய கையால் சட்டென்று கட்டிக்கொண்டாள். ஏற்கெனவே கடிகாரம் உள்ள வீடுகளில் வேலை செய்தவளாம். குழந்தையை வாங்கி, அதன் முகம் வெளியே பார்க்கும்படி மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். சம்யுக்தா எல்லையைப் பற்றியும் தள்ளி நிற்பதைப் பற்றியும் விளக்கத் தொடங்கினாள்.

"அது அடிக்காதுங்க" என்றாள் சுலோச்சனா.

அடிக்கவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அவளுடைய எண் பிரணவின் எண்ணுக்கும் கீழே கிடந்தது. குழந்தைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளியல், துணியில் ஒரு கறை இல்லை. வீடு பளபளவென்று இருந்தது. சம்யுக்தாவின் எண்ணோ ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பது என்று ஏறித் தொண்ணூறையும் தாண்டியது.

எண்ணை விடவும் பெரியது மாலையில் நடந்தது. லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கே நிலானி வாசலுக்கு வந்துவிடுவாள். சம்யுக்தா செருப்பைக் கழற்றுவதற்குள் காலைக் கட்டிக்கொள்வாள். தூக்கினால் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கி, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு, அப்படியே கிடப்பாள். கீழே விடவே முடியாது. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள் சம்யுக்தா. கழுத்தில் சின்ன நகங்கள் பதிந்த தடத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் தன்னை இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை என்று பிரணவிடம் சொன்னாள். குழந்தை ரொம்ப அமைதியாகிவிட்டதே என்றான் அவன். நல்ல வளர்ப்பு என்றாள் அவள்.

வில்லைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார்கள். வேலைக்குப் போகும் அம்மாக்களில் இவ்வளவு உயர்ந்த எண் அபூர்வம், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய விளம்பரத் திரை ஒன்றில் சம்யுக்தா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிலானியின் முதுகு மட்டும் தெரிந்தது. குழந்தையைக் கேமரா பக்கம் திருப்பப் போட்டோக்காரர் எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை.

தடுப்பூசி போடக் குழந்தைகள் டாக்டர் பத்மஜாவிடம் போனார்கள். நிலானியைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாளிலிருந்தே பார்த்து வருகிறவர் அவர். குழந்தை இப்போது என்னென்ன பேசுகிறாள் என்று கேட்டார். சம்யுக்தா யோசித்தாள். முன்பு பூ என்பாள், காக்கா என்பாள், தா தா என்று கையை ஆட்டுவாள். அதெல்லாம் எப்போது நின்றது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். ஒரு பொம்மையை நீட்டினார். நிலானி அதைப் பார்த்தாள், கை நீட்டவில்லை. ஊசி குத்தியபோதும் அழவில்லை.

டாக்டரின் முகம் மாறியதைக் கவனித்த சம்யுக்தா, போனை எடுத்துத் தன் எண்ணைக் காட்டினாள். அதைப் பார்த்தால் அவர் நிம்மதியடைவார் என்று நினைத்தாள்.

டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரியில இதை ஏன் ஒட்டுனோம்னு ஞாபகம் இருக்கா சம்யுக்தா?"

"யார் வந்தா குழந்தைக்குப் பிடிக்குதுன்னு பாக்க."

"இல்ல. நாள் முழுக்க ஊசியும் குழாயுமா கிடக்கிற குழந்தைக்கு யார் வந்தா வலி குறையுதுன்னு பாக்க. வலி எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதான் அது குறைய முடியும். வலியே இல்லாத குழந்தைக்கு அம்மா வந்தாலும் பெருசா ஒண்ணும் காட்டாது. வலியில கிடக்கிற குழந்தைக்காகச் செஞ்ச சாமான் அது. பாசத்தை அளக்கறதுக்குன்னு நாங்க யாரும் செய்யல."

"அப்ப தொண்ணூறுன்னா என்ன அர்த்தம் டாக்டர்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அவ எப்படி இருக்கான்னு போய்ப் பாருங்க" என்றார் அவர்.

மறுநாள் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள் வழியிலேயே திரும்பிவிட்டாள். லிஃப்ட் சத்தம் கேட்காமலிருக்க ஐந்தாவது மாடியில் இறங்கி ஒரு மாடி படியேறினாள். சாவியை மெதுவாகத் திருப்பினாள்.

கூடத்தின் நடுவில் பாய் விரித்திருந்தது. அதன் நடுவில் நிலானி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பொம்மைகள் அழகாக வைக்கப்பட்டிருந்தன. அவள் எதையும் தொடவில்லை. சுலோச்சனா எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. அவள் கையில் போன்கூட இல்லை. சம்யுக்தா கதவிடுக்கில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நிலானி தலையைத் தூக்கிச் சுலோச்சனாவின் முகத்தைப் பார்த்தாள். ம் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். சுலோச்சனா அசையவில்லை. குழந்தை மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டது. மணி ஆனதும் சுலோச்சனா எழுந்து போய்ப் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டு வந்தாள். அதே சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். பதமாக மசித்த சாதம். வாயைத் துடைத்துவிட்டாள். பேச்சு இல்லை, பார்வை இல்லை. காலியான கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் சம்யுக்தாவைக் கண்டாள்.

நிலானியும் கண்டாள். எழுந்து வரும் அவசரத்தில் இரண்டு தடவை விழுந்தாள்.

குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்யுக்தா கத்தினாள். என்ன செய்துவிட்டாய் என் பிள்ளையை என்று கேட்டாள். சுலோச்சனா கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள். தான் அடித்ததில்லை, அதட்டியதில்லை, ஒரு வேளை பட்டினி போட்டதில்லை என்றாள். குரலில் பணிவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

"மொத வீட்டுல பாப்பா என்னை அம்மான்னு கூப்பிட்டுருச்சுங்க. அன்னைக்கே அனுப்பிட்டாங்க. அடுத்த வீட்டுல கடிகாரம். அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு, அங்கயும் நிறுத்திட்டாங்க. அப்புறந்தான் கத்துக்கிட்டேன். பேசாம இருந்தாப் பத்தாதுங்க, பாக்கவே கூடாது. பாத்தாத்தான் அது ஏறும்." கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நீங்க கேட்டது இதுதானுங்களே."

அவளை அப்போதே அனுப்பினாள். ஆபீஸுக்கு நீண்ட லீவு சொன்னாள். அந்த வருஷம் வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அவளுக்குப் பதில் வேறொருவர் போனார்.

முதலில் நிலானியை இறக்கிவிடவே முடியவில்லை. குளிக்கப் போனால் கதவைத் தட்டினாள். தூக்கத்திலும் சேலை முனையைப் பிடித்துக்கொண்டாள். சம்யுக்தா அவளோடு பேசினாள். பூங்கொடி பேசியது போலவே பேசினாள், அது யாருடைய பேச்சு என்று தெரிந்தே பேசினாள். வெண்டைக்காய் நறுக்கும்போது பேசினாள், துணி உலர்த்தும்போது பேசினாள். ஒரு காலையில் ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காவைப் பார்த்து நிலானி கா என்றாள். சம்யுக்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சொற்கள் திரும்பி வந்தன, புதிதாகவும் வந்தன. பிரணவின் தோளில் ஏறிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் தானாகவே கை நீட்டினாள். பொம்மைகளைத் தூக்கி எறிந்தாள். அடம் பிடித்தாள். ஊசி போடுகிற இடத்தில் வீறிட்டு அழுதாள், டாக்டர் பத்மஜா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

எண் இறங்கத் தொடங்கியது.

முதலில் எண்பது. பிறகு எழுபது. டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். இறங்கட்டும், அதுதான் வேண்டியது, அந்த வில்லையை உரித்துக் குப்பையில் போடுங்கள் என்றார் அவர். அவர் சொல்வது சம்யுக்தாவுக்கு நன்றாகவே புரிந்தது. ஒரு காலையில் உரித்தும் விட்டாள். சாயங்காலம் புதிதாக ஒன்றை ஒட்டினாள்.

ஒரு நாள் எதிர்வீட்டுப் பெண்ணைக் குழந்தையோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினாள். நிலானி கூடத்தில் பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள், அம்மா என்றாள், சிரித்தாள். பிறகு அடுத்த கிண்ணத்தை எடுத்து வைத்தாள். எழுந்து வரவில்லை. சம்யுக்தா பையோடு வாசலிலேயே நின்றாள். அவள் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. அங்கே எந்தத் தடமும் இல்லை. போனைத் திறந்தாள். நாற்பத்தெட்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து காட்டியது.

மேம்பாலத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த விளம்பரத் திரையைப் பார்த்தாள். அதில் சிரிக்கிறவள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தன் மகள் குணமாகிவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும். குணமான மகளுக்குத் தான் இவ்வளவுதானா என்ற நினைப்பை மட்டும் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

லீவு முடிகிற சமயத்தில் சசிரேகாவைக் கூப்பிட்டாள். சுலோச்சனாவை ஒரு தடவை வந்து பேசச் சொல்லுங்கள் என்றாள்.  பிறகு சம்யுக்தா பிரணவிடம், வீடு பழகினவள், இந்த முறை கடிகாரம் கிடையாது, எல்லாம் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் சரி என்றான். அவனுக்கும் திங்கட்கிழமை ஆபீஸ் இருந்தது.

சுலோச்சனா அதே இஸ்திரிச் சேலையில் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஓடிவந்த நிலானி அவளைக் கண்டு நின்றாள். பயந்து அழுவாள் என்று சம்யுக்தா நினைத்தாள். நிலானி கொஞ்சம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கிண்ணத்தை அவளிடம் நீட்டி, இந்தா என்றாள். சுலோச்சனா வாங்கவில்லை. இந்தா, இந்தா என்று மடியில் வைத்து அழுத்தினாள். சுலோச்சனா அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தைக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. கடகடவென்று சிரித்தாள்.

சுலோச்சனா குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் நிலானியின் முகத்தைப் பார்ப்பதைச் சம்யுக்தா அன்றுதான் முதல்முறையாகக் கண்டாள்.

பிறகு சுலோச்சனா எழுந்துகொண்டாள்.

சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னாள் சம்யுக்தா. கடிகாரமே வேண்டாம், உங்கள் இஷ்டம்போல் இருங்கள் என்றாள்.

"கடிகாரம் வேண்டாம்னா பாப்பாகூடப் பேசறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

 சுலோச்சனா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே, பிள்ளை நல்லா ஆயிருச்சுங்க, மறுபடி என்னால ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் சசிரேகாவின் போன் வந்தது. சுலோச்சனா மாட்டேன் என்று சொன்னது அவளுக்கு ஆச்சரியமாக இருந்ததாம். ஆனால் கவலைப்பட வேண்டாம், கடிகாரம் அடிக்கவிடாமல் அவளைப் போலவே வேலை செய்கிறவர்கள் இப்போது நிறையக் கிடைக்கிறார்கள், வில்லைக் கம்பெனியே பயிற்சி கொடுத்து அனுப்புகிறது என்றாள். சின்ன வயதுப் பெண்கள்தான், ஆனால் சொன்னபடி இருப்பார்கள். ஒருத்தியை நாளைக்கு நேர்முகத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

கூடத்தில் பிரணவ் கிண்ணங்களை வேண்டுமென்றே சரித்துவிட, நிலானி கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சம்யுக்தா பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே சிரிப்பது தெரிந்தது, கேட்கவில்லை.

"நேர்முகமெல்லாம் வேண்டாம்" என்றாள். "வீட்டைப் பாக்கணும், குழந்தையைப் பாக்கணும்னு முன்கூட்டி யாரும் வர வேண்டாம். திங்கட்கிழமை நேரா வேலைக்கு வரச் சொல்லுங்க."